முதல் கதைக்கே பரிசு: வேலையை விடலாமா?

அன்புள்ள தங்கைக்கு,

பெயரும் நிறுவனமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள், தெரியாது. மற்ற வாசகர்களுக்காக உங்கள் கடிதத்தின் சாரத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். வயது 27. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்சண்டைசர், அதாவது ஆர்டர்களைக் கவனித்து முடித்துக்கொடுக்கும் வேலை. எழுதி அனுப்பிய முதல் சிறுகதைக்கே ஒரு வார இதழின் போட்டியில் முதல் பரிசு. கதை வெளிவந்து ஒரு மாதம் ஆவதற்குள் இரண்டு பேர் தேடி வந்திருக்கிறார்கள். ஒரு பதிப்பாளர், ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் ஒரு நாவல் எழுதித் தரச் சொல்கிறார். ஒரு படத் தயாரிப்பு நிறுவனம் அந்தக் கதையின் ‘எல்லா உரிமைகளையும்’ ஒரே தொகைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, ஒப்பந்தத்தை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுத் தினமும் போன் செய்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுத உட்காரலாமா, இந்த இருவருக்கும் என்ன பதில் சொல்வது என்று கேட்கிறீர்கள். அப்புறம், எனக்கும் கல்லூரி நாட்களிலேயே இப்படி ஒரு வாய்ப்பு வந்ததே, அதை இன்று எப்படிப் பார்க்கிறேன் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வேலையை இப்போது விட வேண்டாம். கணக்கு இதுதான். தமிழில் அச்சுப் புத்தகத்துக்குப் பொதுவாகப் பேசப்படும் ராயல்டி, அதாவது விற்கும் பிரதிக்கு எழுத்தாளருக்கு வரும் பங்கு, விலையில் 10 சதவீதம். உங்கள் நாவலுக்கு 250 ரூபாய் விலை வைத்தால் பிரதிக்கு 25 ரூபாய். புதியவர் ஒருவரின் நாவல் ஓராண்டில் 500 பிரதி விற்றால் பதிப்பாளர் முகம் மலர்ந்துதான் பேசுவார். அப்படி விற்றாலும் உங்கள் கைக்கு வருவது 12,500 ரூபாய், அதுவும் ஆண்டுக் கணக்கு முடித்த பிறகு. வீட்டில் தம்பியின் படிப்புச் செலவு உங்கள் தலையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தொகையை நம்பி மாதச் சம்பளத்தை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பணத்தை ஒதுக்கிவைத்தாலும் என் பதில் மாறாது. உங்கள் கதையைப் படித்தேன். செக்கிங் மேசையில் நிற்கும் அந்த அம்மா, குழாய் மாதிரி இருக்கும் துணிக்குள் கையை விட்டு விரல்களை விரித்து ஓட்டை தேடுகிறாள். வீட்டுக்கு வந்ததும் மகள் புதிதாக வாங்கி வந்த சுடிதாரை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கிறாள், மகள் சுருங்கிப்போகிறாள். வெளியே இருந்து திருப்பூரைப் பற்றி எழுதுகிற ஒருவருக்கு அந்த விரல்கள் கண்ணில் பட்டிருக்காது. ஷிப்மெண்ட் தள்ளிப்போகிற இரவுகளும் துணி வாங்கும் பையரின் மின்னஞ்சல் வந்ததும் மாறுகிற முகங்களும் உங்களுக்கு அன்றாடம். அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். அங்கே பார்த்த மனிதர்கள் இல்லாமல் சினிமா உலகத்தைப் பற்றிய அவரது ‘கரைந்த நிழல்கள்’ நாவல் இல்லை. சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டேதான் வார இதழ்களுக்குத் தொடர்கதைகள் எழுதினார். வேலை எழுத்தின் நேரத்தைத் தின்கிறது என்பது உண்மை. உங்கள் விஷயத்தில் அதே வேலைதான் கதையையும் கொடுத்திருக்கிறது.

இளம் வயதில் வருகிற வாய்ப்பு என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஆங்கிலத்தில் எழுதிய நாவலாசிரியர் ஆர்.கே. நாராயண். அந்தக் கதையைப் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது மறுபாதியில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1906-ல் சென்னையில் பிறந்து, புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர் நாராயண். 1930-ல் விஜயதசமி அன்று, பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாளில், பெங்களூரில் முதல் நாவலை எழுத உட்கார்ந்தார். அவர் கதைகளில் வரும் மால்குடி என்ற கற்பனை ஊர் பிறந்தது அன்றைக்குத்தான். எழுதி முடித்த பிரதி லண்டன் பதிப்பகங்களுக்குப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த பூர்ணா என்ற நண்பருக்கு, இனி அதைக் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று எழுதிவிட்டார். நண்பர் போடவில்லை. அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் படித்தார், பிடித்துப்போனது, ஹாமிஷ் ஹாமில்டன் பதிப்பகத்துக்குப் பரிந்துரைத்தார். 1935-ல் ‘சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்’ வெளிவந்தது. அந்தத் தலைப்பு கிரீன் யோசனை சொன்னது. நாராயணசுவாமி என்ற நீண்ட பெயர் நாராயண் என்று சுருங்கியதும் அவர் சொல்லித்தான்.

மேடைகளில் இந்தக் கதை இங்கே கைத்தட்டலோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன நடந்தது? புத்தகம் விற்கவில்லை. முதல் நாவலை வெளியிட்ட பதிப்பகம் இரண்டாவதை வேண்டாம் என்றுவிட்டது. கிரீன் வேறு பதிப்பகம் தேடினார். ‘தி பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்’ 1937-ல் நெல்சன் வெளியீடாக, கிரீனின் முன்னுரையோடு வந்தது. அதுவும் பெரிதாகப் போகவில்லை. 1938-ல் ‘தி டார்க் ரூம்’, இந்த முறை மேக்மில்லன். மூன்று நாவல், மூன்று பதிப்பகம். லண்டனில் புத்தகம் போட்ட எழுத்தாளர், சென்னையிலிருந்து வந்த ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகைக்கு மைசூர்ச் செய்தி சேகரித்து அனுப்பி, அச்சாகும் செய்தியின் நீளத்துக்கு ஏற்ப அங்குலக் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டிருந்தவர். 1939-ல் மனைவி ராஜம் டைபாய்டில் இறந்துபோனார். கையில் சின்னப் பெண் குழந்தை. அடுத்த நாவல் வர 1945 ஆனது. மனைவியை இழந்த துக்கத்திலிருந்து எழுந்த ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ அது. வெளியிட்டது நான்காவது பதிப்பகமான ஏர் அண்ட் ஸ்பாட்டிஸ்வுட். அப்போது அங்கே இயக்குநராக இருந்தவர் யார் தெரியுமா? அதே கிரஹாம் கிரீன்.

இவ்வளவுக்கும் அதுவரை இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. முதல் சந்திப்பு 1956-ல்தான். இருபது ஆண்டுக்கு மேல் கடிதங்களிலேயே ஓடிய நட்பு. கிரீன் பிரதிகளைப் படித்தார், ஆங்கிலத்தில் சின்னச் சின்னத் திருத்தங்கள் சொன்னார், ஒரு பதிப்பகம் கதவைச் சாத்தினால் இன்னொன்றைத் தட்டினார். நாராயணுக்கு 1935-ல் கிடைத்த வாய்ப்பு எது என்று கேட்டால், அச்சாகி வந்த அந்தப் புத்தகம் என்று நான் சொல்ல மாட்டேன். விற்காத மூன்று புத்தகங்களுக்குப் பிறகும் நான்காவதைப் படிக்கக் காத்திருந்த ஒரு வாசகரைச் சொல்வேன். ‘தி கைட்’ 1958-ல் வந்தது, 1960-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. அந்த இடத்துக்கு முதல் புத்தகத்தின் வேகத்தில் அவர் வந்து சேரவில்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அளவுக்குப் பெரிய வெளிச்சம் என் மேல் விழவில்லை. கல்லூரியில் படிக்கும்போது ஒரு வார இதழுக்கு அனுப்பிய கதை படத்தோடு வெளியானது. வகுப்பில் பேராசிரியை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். மணியார்டர் வந்த அன்று அப்பா தபால்காரருக்குக் காபி கொடுத்தார். எல்லாம் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் என்னை எழுத்தாளராக்கியது அந்த இதழின் உதவி ஆசிரியர் ஒருவர் அனுப்பிய அஞ்சலட்டை. பாராட்டு அதில் ஒரு வரிதான். மீதி ஒரு கேள்வி. கதையில் வரும் பாட்டி கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பதோடு நான் முடித்திருந்தேன். “அந்த இரவு அவர் எங்கே தங்கினார்? கதைக்கு இது தேவையில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டிருந்தார்.

எனக்குத் தெரியவில்லை. யோசித்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணின் வீட்டில் பாட்டியைத் தங்கவைத்தேன். அந்த இட்லிக் கடைப் பெண்தான் என் இரண்டாவது கதை. அதை அவர் ஏற்றுக்கொண்டார். மூன்றாவதைத் திருப்பி அனுப்பினார், காரணம் எழுதி. அதற்கடுத்ததையும் திருப்பினார். பணி ஓய்வு பெறும்வரை என் கதை எதையும் ஒரு குறிப்பு இல்லாமல் அவர் வெளியிட்டதும் இல்லை, திருப்பியதும் இல்லை. இன்று ஒரு பாத்திரம் அறையை விட்டு வெளியே போனால், எங்கே போனார் என்று எனக்குத் தெரிந்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போகிறேன். இளம் வயதில் கிடைத்த வாய்ப்பு என்று நீங்கள் கேட்கும்போது என் மனதில் வருவது அவர்தான். அந்த அஞ்சலட்டைக்காக இன்றைக்கும் அவருக்கு நன்றியோடு இருக்கிறேன்.

இதனால்தான் உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் நீங்கள் கடந்துபோன விஷயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. பதிப்பாளருக்கு ஒரு பத்தி, தயாரிப்பு நிறுவனத்துக்கு இரண்டு பத்தி எழுதியிருக்கிறீர்கள். நடுவில், “நடுவர்களில் ஒருவர் நம்பர் வாங்கிப் பேசினார், மகள் பக்கம் கதை இன்னும் இருக்கிறதே, அதை எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டார், அவ்வளவுதான்” என்று இருக்கிறது. தங்கை, அது அவ்வளவுதான் இல்லை. அவர் உங்களிடமிருந்து எதையும் வாங்க வரவில்லை. கதையைப் படித்து, அதற்குள் இன்னொரு கதை இருப்பதைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நீங்கள் அவரைத் திரும்ப அழைக்கவில்லை என்று தெரிகிறது. அழையுங்கள். மகள் பக்கத்தை எழுதிப் பார்த்துவிட்டு, படிக்க முடியுமா என்று கேளுங்கள். அவர் மறுக்கலாம், நேரமில்லை என்று சொல்லலாம், அதில் தவறில்லை. ஆனால் உங்களுக்கு வந்திருக்கும் மூன்று அழைப்புகளில் முதலில் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான்.

சரி, பதிப்பாளர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஜனவரிப் புத்தகக் காட்சியை வைத்துத்தான் தமிழ்ப் பதிப்புலகத்தின் ஆண்டுக் கணக்கே ஓடுகிறது, புதுப் பெயர் ஒன்று பேசப்படும்போதே புத்தகம் போட நினைப்பது அவர் தொழில். அந்த அவசரம் அவருடையது, உங்களுடையது இல்லை. நாவலுக்கு ஒரு வரிகூட இன்னும் மனதில் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இல்லாத நாவலுக்குத் தேதி கொடுக்காதீர்கள். சுந்தர ராமசாமியின் முதல் நாவல் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966-ல் வந்தது. இரண்டாவது, ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’, 1981-ல். இடையில் சில ஆண்டுகள் எழுதாமலே இருந்தார். பதினைந்து வருடம் காத்திருங்கள் என்று சொல்லவில்லை. வாரா வாரம் அத்தியாயம் எழுதி நல்ல நாவல் தந்தவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். உங்கள் கை எந்த வேகத்தில் ஓடும் என்பது ஒரே கதையில் தெரியாது. இன்னும் நான்கைந்து கதை எழுதினால் தெரியும்.

அவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “ஜனவரிக்குள் முடியாது. இரண்டு வருடம் கழித்து ஒரு தொகுப்போ நாவலோ கொண்டுவந்தால் படிப்பீர்களா? உங்களிடம் பிரதியைப் படித்துத் திருத்தம் சொல்லும் எடிட்டர் இருக்கிறாரா?” இரண்டாவது கேள்வி முக்கியம். தமிழில் பிழைதிருத்துநர் இருக்கும் பதிப்பகங்கள் நிறைய, எடிட்டர் இருப்பவை குறைவு. எடிட்டர் இருக்கிறார் என்றால் அந்தத் தொடர்பை விடாதீர்கள். சிரித்துவிட்டு, எழுதியதை அப்படியே போட்டுவிடலாம் என்றால், உங்கள் முதல் புத்தகம் அங்கே போக வேண்டாம்.

எங்கே போனாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். என் முதல் தொகுப்பு வாய்ப்பேச்சில் போனது. அன்று பலருக்கும் அதுதான் வழக்கம். எத்தனை அச்சிட்டார்கள், எத்தனை விற்றது என்று ஒருமுறைகூடக் கணக்கு வந்ததில்லை. இன்று தேவைக்கேற்ப நூறு, இருநூறு என்று அச்சிடும் வசதி வந்துவிட்டதால், எத்தனை பிரதி என்ற கேள்வியை விடாமல் கேட்க வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு, மின்னூலுக்கும் ஒலிப்புத்தகத்துக்கும் தனி விகிதம், மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் என்பது, இவை ஒப்பந்தத்தில் இருந்தால் போதும்.

இனி படத் தயாரிப்பு நிறுவனம். நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். ‘காலவரையின்றி, உலகம் முழுவதும், இன்றுள்ள மற்றும் இனி வரவுள்ள எல்லா வடிவங்களிலும்’ என்கிறது. ஆசை காட்டுகிற தொகைதான், ஆனால் இதில் இப்படியே கையெழுத்துப் போடாதீர்கள்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சரிபாருங்கள். போட்டி அறிவிப்பில் இருந்த விதிமுறைகளை எடுத்துப் படியுங்கள். பரிசு பெறும் கதைகளின் உரிமை இதழுக்கே என்று சில போட்டிகளில் இருக்கும். அப்படி இருந்தால் படத்துக்கு விற்க நீங்கள் முதலில் இதழிடம்தான் பேச வேண்டும். இல்லையென்றால் கதை உங்களுடையது. பதிப்புரிமை எழுதிய கணத்திலேயே வந்துவிடுகிறது, பதிவு செய்தால்தான் உண்டு என்பதில்லை. கதை அச்சான இதழ் ஒரு பிரதியைப் பத்திரமாக வையுங்கள், அதுவே நல்ல சான்று.

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு உங்களுக்குப் பெரிய துணை. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர. இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் பெரும்பாலான ஒப்பந்தங்களில் ‘பிரிவு 19(4) இதற்குப் பொருந்தாது’ என்று எங்காவது நடுப்பக்கத்தில் ஒரு வரி செருகியிருப்பார்கள். உங்களுடையதிலும் தேடிப் பாருங்கள். அந்த வரி நின்றால், படம் எடுக்காமலே உங்கள் கதையைக் கடைசிவரை பூட்டி வைத்திருக்கலாம். உங்கள் கதைதான் என்று பெயர் கோரும் உரிமை 57-வது பிரிவில் தனியாக இருக்கிறது, கதையை விற்ற பிறகும் அது உங்களிடமே நிற்கும். ஆனாலும் டைட்டிலில் பெயர் எப்படி வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பின்னால் வழக்குப் போடுவதைவிட இது எளிது.

மூத்த தோழி ஒருவர், சீக்கிரம் வந்தது சீக்கிரம் போய்விடும் என்று பயமுறுத்தியதாக எழுதியிருந்தீர்கள். அக்கறையில் சொல்லியிருப்பார். கதை வெளிவந்துவிட்டது, ஆயிரக்கணக்கானோர் படித்துவிட்டார்கள், அந்த அம்மாவின் விரல்களை நானே இனி மறக்கப்போவதில்லை. போவதற்கு இதில் ஒன்றும் இல்லை.

தயாரிப்பு நிறுவனத்துக்கு வாட்ஸப்பில் பதில் வேண்டாம், மின்னஞ்சலில் எழுதுங்கள். ஒரே ஒரு திரைப்படத்துக்கு, ஒரு மொழியில், மூன்று ஆண்டு கால அளவில் உரிமை தரத் தயார் என்று சொல்லுங்கள். அதற்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை உங்களிடம் திரும்ப வேண்டும். வெப் சீரிஸ், ரீமேக், இரண்டாம் பாகம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பேச வேண்டும். அதே கதாபாத்திரங்களை வைத்து நீங்கள் கதையும் நாவலும் எழுதத் தடை இருக்கக் கூடாது. மகள் பக்கத்தை எழுதப்போகிறீர்கள், இந்த வரி கட்டாயம் வேண்டும். திருத்திய ஒப்பந்தம் வந்ததும் பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கட்டணம் கொடுத்துக் காட்டுங்கள். பரிசுப் பணத்தில் கொஞ்சம் அதற்குப் போனால் பரவாயில்லை. அவர்கள் ஒத்துக்கொள்ளாமல், இன்றைக்குள் கையெழுத்து வேண்டும் என்று நெருக்கினால், நன்றி சொல்லிக் கதையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா